சகலமும் அடக்கம்: தீவுக்கு என்ன மிச்சம்?

கரீபியன் தீவொன்றில் ஒரு வாரம். விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் கொறிப்பவை, மது, படகுச் சவாரி, இரவுக் கச்சேரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதையும் டொரண்டோவிலோ லண்டனிலோ புறப்படும் முன்பே கட்டியாகிவிட்டது. விடுதிக்குள் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை கட்டிவிடுவார்கள்; திரும்பி விமானம் ஏறும்வரை பர்ஸைத் தொட வேண்டியதில்லை. பயணிக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் பர்ஸைத் தொடாத விருந்தாளியால் ஊருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பொருளாதார அறிஞர்கள் ஒன்றைச் சொன்னார்கள். அவர்களுக்குள்ளேயே மறுப்பும் கிளம்பியது. எழுத்தாளர்கள் கோபத்தோடு வேறொன்றைச் சொன்னார்கள். விடுதி முதலாளி, டாக்சி ஓட்டுநர், அமைச்சர், மீனவர் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குகள் எங்கே பிறந்தன, எந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் கரீபியனிலும் மாலத்தீவிலும் அரசுகள் இன்றும் இவற்றை நம்பித்தான் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றன, வரியைத் தள்ளுபடி செய்கின்றன.

கூடாரத்திலிருந்து கோட்டைக்கு

ஒரே கட்டணத்தில் விடுமுறை என்பது வெப்பமண்டலத் தீவில் பிறந்த யோசனை அல்ல. பில்லி பட்லின் 1936-இல் இங்கிலாந்தின் குளிர்ந்த கடற்கரை ஊரான ஸ்கெக்னஸில் தொழிலாளர் குடும்பங்களுக்காக விடுமுறை முகாம் திறந்தார். தங்கலும் சாப்பாடும் பொழுதுபோக்கும் ஒரே கட்டணத்தில். அதே பட்லின் 1950 வாக்கில் பஹாமாஸ் தீவுக் கூட்டத்தில் ஒரு முகாம் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். தொடங்கிய சிறிது காலத்திலேயே அது மூடப்பட்டது. வெயில் தீவுக்கு இந்த முறை எளிதாக ஒட்டிவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அதே 1950-இல் பெல்ஜிய நாட்டு வாட்டர் போலோ வீரர் ஜெரார்ட் பிளிட்ஸ், ஸ்பெயினின் மயோர்கா தீவில் அல்குடியா என்ற இடத்தில் கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெடிட்டரேனி’யின் முதல் கிராமத்தைத் தொடங்கினார். போர் முடிந்து ஐந்தாண்டே ஆன ஐரோப்பா. வருகிறவர்கள் வரிசை மேசையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ‘நீ என்ன உத்தியோகம்’ என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்பது அதன் மனப்பான்மை. பின்னாளில் மதுக்கூடத்தில் காசுக்குப் பதில் கழுத்து மாலையிலிருந்து மணியைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கவனிக்க வேண்டியது, அந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதாவது மது கணக்கில் சேரவில்லை.

மதுவையும் சேர்த்து, ‘டிப்ஸ் கொடுக்கக்கூடாது’ என்றும் அறிவித்து, இன்று நாம் அறியும் வடிவத்தைக் கொடுத்தது ஜமைக்கா. ஜான் ஈசா 1976-இல் நெக்ரில் கடற்கரையில் ஒரு விடுதியைத் திறந்தார். 1978-இல் ஓச்சோ ரியோஸில் தம்பதிகளுக்கு மட்டுமான விடுதி வந்தது. வீட்டு உபயோகப் பொருள் வியாபாரியாக இருந்த கார்டன் ‘புட்ச்’ ஸ்டூவர்ட், 1981-இல் மாண்டிகோ பேயில் ‘சாண்டல்ஸ்’ விடுதியைத் தொடங்கினார். இந்த முறை உள்ளூர் மக்களிடமிருந்து பணத்தைப் பிரித்தெடுக்க அந்நியர் கொண்டுவந்த தந்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அதை உருவாக்கிய இருவருமே ஜமைக்காக்காரர்கள்.

காலத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். 1976-இல் ஜமைக்காவில் நெருக்கடி நிலை. 1980 தேர்தலையொட்டிய கட்சி வன்முறையில் சுமார் 800 பேர் உயிரிழந்தனர். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்த பயணிகள் பின்வாங்கினார்கள். மதிலுக்கு உள்ளேயே எல்லாம் கிடைக்கும், வெளியே போகத் தேவையில்லை என்ற உறுதி அப்போது விற்பனைக்குரிய சரக்கானது. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. பயண முகவருக்கு அறை வாடகையில் மட்டும் கமிஷன் கிடைத்த காலத்தில், சாப்பாடும் மதுவும் சேர்ந்த முழுத் தொகைக்கும் கமிஷன் என்றால் அவர் எந்த விடுதியைப் பரிந்துரைப்பார் என்பதை ஊகிக்கலாம்.

முன்பணம் கட்டியவரின் மனக்கணக்கு

பயணிகள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பதற்கு உளவியலில் ஒரு தெளிவான விடை உண்டு. டிராசென் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வைத்தார்கள். 1,200 டாலருக்கு ஒரு வாரக் கரீபியன் விடுமுறை. அதே 1,200 டாலருக்கு ஒரு துவைக்கும் எந்திரமும் உலர்த்தியும். மாதம் 200 டாலர் வீதம் ஆறு தவணை. தவணையை முன்னால் கட்டுவீர்களா, பின்னால் கட்டுவீர்களா? எந்திரத்துக்குப் பெரும்பாலோர் பின்னால் கட்டுவதையே விரும்பினார்கள், விடுமுறைக்கு முன்னால். எந்திரம் உழைக்க உழைக்கத் தவணை போனால் உறுத்தாது. முடிந்துபோன விடுமுறைக்கு மாதாமாதம் பணம் கட்டுவதுதான் கசக்கிறது. கட்டி முடித்துவிட்டால் கடற்கரையில் குடிக்கும் ஒவ்வொரு கோப்பையும் இலவசம் போலவே தோன்றும்.

விடுதியின் கணக்கு நம் ஊர்க் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட்காரரின் ‘இலைக்கு இவ்வளவு’ கணக்கு மாதிரியானது. ஒருவர் மூன்று லட்டு கேட்பார், இன்னொருவர் ரசத்தோடு எழுந்துவிடுவார். சராசரி தெரிந்தால் போதும். ஊற்றுவது உள்ளூர் ரம்மும் உள்ளூர் பீரும். வெளிநாட்டு முத்திரை விஸ்கி வேண்டுமென்றால் பல இடங்களில் தனிக் காசு. மூன்று இரவு தங்குபவரைவிட ஏழு இரவு தங்குபவர் ஆதாயம், ஏனென்றால் முதல் நாள் ஆர்வம் மூன்றாம் நாளில் தணிந்துவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது: விருந்தாளி வெளியே போய்ச் சாப்பிட்டால் ஏற்கெனவே கொடுத்த காசு வீண் என்று அவருக்கே தோன்றும். மதிலைவிட வலுவான தடை அதுதான்.

ஒரு டாலர் எத்தனை முறை சுற்றும்?

பொருளாதார விவாதம் இந்த விடுதிகளுக்கும் முந்தியது. 1969-இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணத்தில் ஜிண்டர் என்ற ஆலோசனை நிறுவனம் கிழக்குக் கரீபியன் சுற்றுலா பற்றி ஓர் அறிக்கை தந்தது. பயணி செலவிடும் ஒவ்வொரு டாலரும் தீவுக்குள் சுற்றிச் சுற்றி 2.3 டாலராகப் பெருகும் என்றது அது. சிறிய அரசுகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அடுத்த ஆண்டே கரி லெவிட், ஐ.எஸ். குலாட்டி என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கைக் கிழித்துப்போட்டார்கள். குலாட்டி இந்தியர், பின்னாளில் திருவனந்தபுரத்தில் பணியாற்றிக் கேரளத் திட்டக் குழுவின் துணைத்தலைவராகவும் இருந்தவர். அவர்கள் சுட்டிய பிழை எளிமையானது. கைமாறும் தொகையை எல்லாம் கூட்டினால் பெருக்கம் வரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் இறக்குமதிக்காக வெளியே போன பணமும் அந்தக் கூட்டலில் இருக்கிறது. மியாமியிலிருந்து வந்த மாட்டிறைச்சிக்குக் கொடுத்த டாலரைத் தீவின் வருமானமாக எழுதினால் அது கணக்கல்ல. ஜான் பிரைடன் 1973-இல் வெளியிட்ட நூலும் காமன்வெல்த் கரீபியனில் சுற்றுலாவின் நிகரப் பலன் சொல்லப்படுவதைவிடக் குறைவு என்று வாதிட்டது.

பயணி செலவிடும் பணம் தீவைவிட்டு வெளியேறுகிறது என்னும் ‘கசிவு’க் கருத்து இங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஒரு காலை உணவைப் பிரித்துப் பார்த்தால் போதும். ரொட்டியின் கோதுமை வட அமெரிக்காவிலிருந்து வந்தது. வெண்ணெய், ஆப்பிள், பன்றி இறைச்சித் துண்டு எல்லாம் கப்பலில் வந்தவை. அன்னாசியும் காப்பியும், சில இடங்களில் முட்டையும் தீவுடையவை. பரிமாறுபவரின் சம்பளம் தீவுக்கு. பொது மேலாளரின் சம்பளத்தில் பெரும்பகுதி, அவர் வெளிநாட்டவர் என்றால், வெளியே. அறைக்கட்டிலும் குளிர்சாதனமும் இறக்குமதி. அவற்றுக்குச் சுங்கவரிச் சலுகையும் உண்டு. அமெரிக்க நாடுகள் அமைப்பு 1994-இல் ஜமைக்கா பற்றி வெளியிட்ட ஆய்வு, ஒரே கட்டண விடுதிகளே மிகப் பெரிய வருவாய் ஈட்டுகின்றன, ஆனால் டாலருக்கு டாலர் பார்த்தால் மற்ற விடுதிகளைவிட அதிகம் இறக்குமதி செய்கின்றன, குறைவான ஆட்களுக்கே வேலை தருகின்றன என்று கண்டது. இந்த விவாதத்தில் உறுதியான அடித்தளம் உள்ள சில ஆவணங்களில் அது ஒன்று. வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதுதான் குறை.

பரவலாகச் சுற்றும் எண் வேறு: பயணியின் செலவில் 80 சதவீதம் தீவைவிட்டு வெளியேறுகிறது என்பது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மேற்கோள் காட்டியதால் அதற்குப் பெரிய இடத்து முத்திரை கிடைத்துவிட்டது. லண்டனில் இயங்கும் அயல்நாட்டு வளர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோனதன் மிட்செல், கரோலின் ஆஷ்லி ஆகியோர் இதை வன்மையாக மறுத்தார்கள். லண்டன் பயணி தன் ஊர் விமான நிறுவனத்துக்கும் முகவருக்கும் கொடுத்த பணம் தீவுக்கு வரவே இல்லை. வராத பணம் எப்படிக் கசியும்? அதைக் கழித்துவிட்டால் மிஞ்சும் தொகையில் வெளியேறும் பங்கு பல நாடுகளில் மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம்.

இந்த மறுப்பு நியாயமானது. ஆனாலும் முழுமையானதல்ல. விமானமும் விடுதியும் முன்பதிவும் ஒரே குழுமத்தின் கையில் இருக்கும்போது, எந்தத் தொகை எந்த நாட்டின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதை அந்தக் குழுமமே முடிவு செய்கிறது. தீவில் உள்ள கிளை, வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு ‘விற்பனைக் கட்டணம்’, ‘நிர்வாகக் கட்டணம்’ என்று செலுத்துவது விலையா, லாபமா? விடுதிகளின் பேரேடுகளைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. வியாபார ரகசியம் என்று அவை பூட்டியே இருக்கின்றன.

சதவீதமா, தொகையா?

விடுதித் தரப்பின் வாதம் இந்த இடத்தில் நுழைகிறது. பங்கு சிறிதாக இருக்கட்டும், மொத்தம் பெரிதல்லவா? ஆண்டு முழுக்க அறைகள் நிரம்புகின்றன. பருவம் தப்பிய மாதங்களிலும் ஊழியருக்கு வேலை இருக்கிறது. பெரிய விடுதிகள் இருப்பதால்தான் நேரடி விமானங்கள் வருகின்றன; அந்த விமானத்தில் சிறு விடுதிக்குப் போகிறவரும் வருகிறார். ஜான் ஈசாவும், இலங்கையில் பிறந்து ஜமைக்காவில் விடுதித் துறை கற்பித்த சந்தன ஜயவர்த்தனவும் சேர்ந்து 2003-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த முறையின் வளர்ச்சியைத் தொகுத்துத் தந்தது. தொழிலைத் தொடங்கியவரே எழுதியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கட்டுரைதான். ஆனாலும் உள்ளிருந்து பேசும் குரல் அரிது.

டொமினிகன் குடியரசின் புன்டா கானா இந்தத் தரப்பின் வலுவான சான்று. 1969-இல் பிராங்க் ரெய்னியேரி என்ற உள்ளூர் இளைஞரும், தியோடர் கீல் என்ற நியூயார்க் வழக்கறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் தீவின் கிழக்கு முனையில் சுமார் 30 சதுர மைல் காட்டை வாங்கினார்கள். ஒழுங்கான சாலை கிடையாது. 1984-இல் அங்கே தனியாருக்குச் சொந்தமான பன்னாட்டு விமான நிலையமே எழுந்தது. இன்று நாட்டுக்கு வான்வழி வருவோரில் பெரும்பாலோர் இறங்குவது அங்கேதான். 2023-இல் கப்பல் பயணிகளையும் சேர்த்து அந்நாட்டுக்கு வந்தோர் ஒரு கோடியைத் தாண்டினர். ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுந்தது இது. இதனால் நாடு எதை இழந்தது என்று கேட்பது கடினம்.

கடினம்தான், முடியாததல்ல. 2001-இல் இயற்றிய சுற்றுலா ஊக்கச் சட்டம் பத்தாண்டு வரிவிலக்கு தந்தது. 2013-இல் அது பதினைந்தாண்டாக நீட்டப்பட்டது. ஜமைக்காவும் 1968 முதல் விடுதிகளுக்குத் தனி வரிச்சலுகைச் சட்டம் வைத்திருந்து, 2013-இல்தான் அதை மாற்றியது. சலுகை இல்லாவிட்டால் முதலீடே வந்திருக்காதா, வந்தே இருக்கும் என்றால் விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்பது இரு நாடுகளிலும் ஓயாத தர்க்கம். அண்டைத் தீவுகள் போட்டி போட்டுக்கொண்டு சலுகையை உயர்த்தியதால் யாரும் முதலில் இறங்கிவரத் துணியவில்லை என்ற அளவில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகும்.

தோட்டத்தின் நிழல்

எழுத்தாளர்களும் சமூகவியலாளர்களும் எழுப்பிய குற்றச்சாட்டு பணத்தோடு நிற்பதில்லை. ஜமைக்காவின் ஜார்ஜ் பெக்ஃபோர்டு 1972-இல் வெளியிட்ட ‘பெர்சிஸ்டன்ட் பாவர்ட்டி’ என்ற நூல், அடிமைகளைக் கொண்டு நடந்த கரும்புத் தோட்டங்களின் அமைப்பே அச்சமூகங்களின் வறுமையை நிலைக்கச் செய்கிறது என்றது. நல்ல நிலம் வெளியாருக்கு, விளைச்சல் ஏற்றுமதிக்கு, உணவு இறக்குமதியில், மேலே வெள்ளை நிர்வாகி, கீழே கறுப்புத் தொழிலாளி. இலங்கை மலையகத்தையும் மலேயா ரப்பர்க் காடுகளையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இந்தச் சட்டகத்தை எடுத்து மதில் சூழ்ந்த கடற்கரை விடுதியின் மேல் பொருத்தியவர்கள் பலர். ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988-இல் எழுதிய ‘எ ஸ்மால் பிளேஸ்’ அந்தக் கோபத்தின் உச்சம். செயின்ட் லூசியாவில் பிட்டன்ஸ் என்னும் இரட்டைச் சிகரங்களுக்கு நடுவே உல்லாச விடுதி கட்டப்பட்டபோது, 1992-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் டெரிக் வால்காட் அதைக் கடுமையாக எதிர்த்தார். விடுதி எழுந்தது, 2004-இல் சிகரங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

உருவகமாக இந்த ஒப்பீடு கூர்மையானது. ஆய்வுக் கருவியாக அது சில இடங்களில் மழுங்கிவிடுகிறது. தோட்டத்துக் கூலி வெளியேற முடியாதவர். விடுதிப் பணியாளர் வேலையை விடலாம், தொழிற்சங்கத்தில் சேரலாம், இங்கே கற்ற தொழிலோடு உல்லாசக் கப்பலுக்கோ கனடாவுக்கோ போகலாம். கரும்பும் வாழையும் ஐரோப்பியச் சந்தைச் சலுகையை இழந்து சரிந்த பிறகு, விடுதி வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் யாருடைய கட்டாயத்தாலும் வரவில்லை. அதே சமயம் ஒப்பந்த ஊழியம், நீண்ட நேர வேலை, டிப்ஸ் தடை போன்ற குறைகளைத் தொழிலாளர் அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்திருக்கின்றன. ஜமைக்கா 2022-இல் தொடங்கிய சுற்றுலாத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை அவர்களுக்கு என்ன இருந்தது என்ற கேள்வியையும் அது எழுப்பியது.

கரை யாருக்குச் சொந்தம்?

சாதாரண மக்களிடம் பேசினால் டாலர் பெருக்கமும் கசிவும் பேச்சில் வராது. ‘நாங்கள் குளித்த இடத்தில் இப்போது காவலாளி நிற்கிறார்’ என்பதுதான் வரும். ஜமைக்காவில் இதன் வேர் காலனி ஆட்சியின் 1956 கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. கரையோரமும் கடல் தரையும் அரசுடைமை. மீனவரின் வழக்குரிமை காக்கப்பட்டாலும், கடலில் குளிக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதுவும் அதில் இல்லை. உரிமம் வாங்கிய விடுதி வேலி போடலாம். 2021-இல் உருவான ஜமைக்கா கடற்கரைப் பிறப்புரிமை இயக்கம் மம்மி பே உள்ளிட்ட கரைகளுக்காக நீதிமன்றம் ஏறியிருக்கிறது.

பார்படோஸ் தீவில் நிலைமை வேறு. அங்கே கடற்கரைகள் பொதுவானவை. எவ்வளவு பெரிய விடுதியானாலும் மணலில் நடப்பவரைத் தடுக்க முடியாது. டொமினிகன் குடியரசில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து 60 மீட்டரைப் பொதுவாக்கியது; அந்த மணலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். கியூபாவில் நிலைமை இன்னும் வினோதம். பொதுவுடைமை அரசே ஸ்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து வரதேரோவில் விடுதிகள் நடத்தியது. சொந்தக் குடிமக்கள் அவற்றில் தங்க 2008 வரை அனுமதி இல்லை. ஒரே விதமான விடுதி, நான்கு நாடுகள், நான்கு விதமான கரை. வேலியை விடுதியின் இயல்பு என்று சொல்வதைவிட, சட்டம் எழுதியவர்களின் முடிவு என்பதே பொருத்தமாகத் தெரிகிறது.

தடை செய்து பார்த்தால்?

ஒரு நாடு அதையும் செய்து பார்த்தது. தீவல்ல, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் காம்பியா. உணவகக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் பிழைப்பு போகிறது என்று முறையிட, 1999 இறுதியில் அரசு ஒரே கட்டண முறையைத் தடை செய்தது. ஐரோப்பிய நிறுவனங்களின் சார்ட்டர் விமானங்களை நம்பியிருந்த நாடு அது. அந்நிறுவனங்கள் முகம் சுளித்தன. அடுத்த ஆண்டே தடை விலக்கப்பட்டது. தடை பயனற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஒரு சிறு நாடு தனியாகச் செய்தது, அதுவும் ஒரே ஒரு பருவம் என்பதால் இதிலிருந்து பொது விதி எதையும் எடுக்க முடியாது என்பதே சரியான வாசிப்பாக இருக்கலாம்.

பிளிட்ஸ் கூடாரம் அடித்த அதே மயோர்காவில், 2020 ஜனவரியில் வந்த ஆணை வேறு வழியை எடுத்தது. குடிக் கூத்துக்குப் பேர்போன சில பகுதிகளில் மட்டும், ஒரே கட்டண விருந்தாளிக்கு மதிய உணவோடு மூன்று, இரவு உணவோடு மூன்று என ஆறு கோப்பைக்கு மேல் கட்டணத்துக்குள் ஊற்றக்கூடாது. முறையை ஒழிக்காமல் அதன் ஓர் உறுப்பை மட்டும் கழற்றிய முயற்சி இது.

நாமக்கல் முட்டையும் மாலத்தீவும்

மாலத்தீவு இந்தக் கேள்வியின் கடைக்கோடி. 1960-களில் வந்த ஐ.நா. குழுவொன்று அங்கே சுற்றுலாவுக்கு வாய்ப்பில்லை என்றது. 1972-இல் வெறும் முப்பது அறைகளோடு, பவளக் கல்லும் தென்னை மரமும் கொண்டு கட்டிய குறும்பா விடுதி திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற கொள்கை பிறகு நிலைத்தது. மதில் கட்டவே தேவையில்லை, கடலே மதில். மதுவும் பன்றி இறைச்சியும் விடுதித் தீவுகளில் மட்டும். மக்கள் வாழும் தீவுகளில் கிடையாது. இஸ்லாமியச் சமூகத்தின் பண்பாட்டைக் காக்கும் ஏற்பாடு என்று அரசு சொன்னது. விளைவாக, சொந்த நாட்டுக்கு வந்த விருந்தாளியைப் பல மாலத்தீவினர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கசிவு பற்றிப் பேசுவோர் இங்கே தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்க்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, கட்டுமானக் கல், ஆற்றுமணல் என்று அந்நாட்டுக்குப் போகும் பல பொருள்கள் 1981 வணிக ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா ஆண்டுதோறும் ஒதுக்கும் அளவில் அடங்கும். 2024-25-க்கான ஒதுக்கீட்டில் முட்டை மட்டும் 42 கோடிக்கு மேல். நாமக்கல் முட்டை இந்த வியாபாரத்தில் பழைய புள்ளி. மண் வளமற்ற பவளத் திட்டுகளில் விளைவது தேங்காயும் மீனும்தான் எனும்போது, இறக்குமதியை விடுதி முதலாளியின் சதி என்று சொல்ல இடமில்லை. அங்கே கசிவு பாதி புவியியலின் விளைவு. ஜமைக்காவின் கதை அப்படியல்ல. மலையும் மழையும் உழவரும் இருந்தும் தக்காளி கப்பலில் வருவதே அங்கே கேள்வி.

மாலத்தீவு அரசு வேறு வழியில் தன் பங்கை எடுத்தது. சுற்றுலாப் பொருள் சேவை வரி 2011-இல் 3.5 சதவீதமாகத் தொடங்கி, 2014-இல் 12, 2023-இல் 16, 2025-இல் 17 என்று ஏறியது. பயணிகள் குறைந்துவிடவில்லை; 2024-இல் வருகை இருபது லட்சத்தைத் தொட்டது. அரிய சரக்கு வைத்திருப்பவர் விலை சொல்லலாம் என்பதை இது காட்டுகிறது. வெள்ளை மணலும் தென்னை மரமும் ஒன்றுபோல் இருக்கும் கரீபியன் தீவுகளுக்கு அதே துணிச்சல் கைகூடுமா என்பது வேறு விஷயம்.

2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் மீன்பிடிக் குடும்பங்கள் அறை வாடகைக்கு விட்டன, படகு ஓட்டின. மறைப்புக் கட்டிய தனிக் கரையில் வெளிநாட்டுப் பெண்கள் நீச்சலுடையில் குளிக்கலாம். பணம் பரவலாகக் கை மாறியது உண்மை. சிறு தீவில் குப்பையும் தண்ணீர்த் தேவையும் ஏறியதும் உண்மை. விடுதித் தீவிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும் என்பதால் குடும்பங்கள் அனுப்பத் தயங்கிய உள்ளூர்ப் பெண்களுக்கு, வீட்டோடு ஒட்டிய இந்த இல்லங்கள் வேறொரு வாசலைத் திறந்தன என்று வாதிடுவோர் உண்டு.

தனிமை ஒரு முறை பெருத்த லாபமாகவும் ஆனது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 15-ஆம் தேதியே மாலத்தீவு எல்லா நாட்டவருக்கும் கதவைத் திறந்தது. ஒரு தீவே ஒரு விடுதி என்றால் தனிமைப்படுத்தல் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. ஜமைக்காவும் வடகரை விடுதிப் பட்டையை மட்டும் பிரித்து முதலில் திறந்தது. அரை நூற்றாண்டாகக் குறை சொல்லப்பட்ட அம்சமே அந்த ஆண்டில் காப்பாற்றியது.

தக்காளியின் தடை

இரு தரப்பும் சேர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: விடுதியின் சமையலறை உள்ளூர் உழவரிடம் வாங்க வேண்டும். சொல்ல எளிது. நூற்றுக்கணக்கான அறைகள் உள்ள விடுதிக்கு ஆண்டு முழுக்க, நாள் தவறாமல், ஒரே அளவுத் தக்காளி வேண்டும். அரை ஏக்கர் உழவரிடம் விளைச்சல் ஒரே நேரத்தில் கொட்டும், அப்புறம் மாதக்கணக்கில் இராது. விடுதி பில்லுக்கு மாதக்கணக்கில் கழித்துப் பணம் தரும். உழவருக்கு விதைக்கு இன்றே காசு வேண்டும். ஜமைக்காவில் ‘ஹிக்லர்’ எனப்படும் பெண் வியாபாரிகள் வயலிலேயே ரொக்கம் கொடுத்து வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது, உழவர் யாருக்குத் தருவார்? 2017-இல் ஜமைக்கா அரசு தொடங்கிய ‘அலெக்ஸ்’ என்ற இணையச் சந்தை உழவரையும் விடுதியையும் நேராக இணைக்க முயல்கிறது. குளிர்பதனக் கிடங்கும், பணத்தை முன்கூட்டித் தரும் ஏற்பாடும் இல்லாமல் செயலி மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதில் ஐயத்துக்கு இடமுண்டு.

சுற்றுச்சூழல் கணக்கு இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. பஃபே மேசையில் மிஞ்சும் உணவு, நீச்சல்குளத்துக்கும் புல்வெளிக்கும் போகும் நன்னீர், குப்பை கொட்டியே உருவான மாலத்தீவின் திலாஃபுஷி தீவு எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் அதே எண்ணிக்கைப் பயணிகள் சிறு இல்லங்களில் சிதறித் தங்கினால் தண்ணீரும் கழிவும் குறையுமா, கூடுமா என்பதற்குப் பெரிய விடுதிகளின் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஊர்ச் சாக்கடையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

முடியாத கணக்கு

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். ஒரே கட்டண விடுதி, ஒரு டாலருக்குத் தரும் உள்ளூர்ப் பலன் மற்ற விடுதிகளைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மொத்தமாகக் கொண்டுவரும் டாலர் கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். 80 சதவீதம் என்ற எண்ணை அப்படியே எடுத்தாள்வது சரியல்ல. விடுதியின் கட்டண முறையைவிட, நிலக் குத்தகையில் என்ன எழுதியிருக்கிறது, வரிவிலக்கு எத்தனை ஆண்டு, கரைக்குப் போகும் பாதை யார் பட்டாவில் இருக்கிறது என்பவையே நாட்டுக்கு நாடு விளைவை அதிகம் மாற்றுகின்றன போலத் தோன்றுகிறது. மாலத்தீவின் வரியும் பார்படோஸின் மணலும் ஒரு பக்கம், ஜமைக்காவின் 1956 சட்டம் மறுபக்கம் என்று வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் வலுக்கிறது, நிரூபணமாகிவிடவில்லை.

தெரியாமல் கிடப்பவையும் சிறியவையல்ல. விடுதி வராதிருந்தால் அந்தக் கரையில் என்ன நடந்திருக்கும் என்ற ஒப்பீட்டை எந்த ஆய்வும் திருப்தியாகச் செய்ததில்லை. புன்டா கானாவின் காட்டுக்கும் மாண்டிகோ பேயின் பழைய நகரத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. கைவினைப் பொருள் விற்பவர், பின்னல் போடும் பெண், உரிமமில்லா டாக்சி ஆகியோரின் வருமானம் எந்தப் புள்ளிவிவரத்திலும் விழுவதில்லை. விடுதி வந்ததால் அவர்கள் இழந்ததும் விழாது, பெற்றதும் விழாது. விருந்தினர் இல்லங்கள் பெருகிய தீவுகளில் அறைகளின் உரிமை உள்ளூர்க் குடும்பங்களிடமே நிற்குமா, முன்பதிவுத் தளங்களின் கமிஷன் பழைய முகவரின் இடத்தைப் பிடிக்குமா என்பது தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். ஜமைக்கக் கரை வழக்குகளின் போக்கு அண்டைத் தீவுகளின் விடுதி ஒப்பந்தங்களையும் தொடுமா என்பதைச் சட்ட வல்லுநர்களே வெவ்வேறு விதமாகக் கணிக்கக்கூடும். வரிவிலக்கு முடியும் ஆண்டுகளில் விடுதிகள் தங்குகின்றனவா, பெயர் மாற்றிப் புதிய விலக்குக் கேட்கின்றனவா என்பதை டொமினிகன் குடியரசில் அடுத்த பத்தாண்டுகளில் பார்க்கலாம். சட்டம் வந்த பின் எழுந்த பெரிய விடுதிகள் பலவற்றுக்குப் பதினைந்தாண்டுக் கெடு அப்போதுதான் வருகிறது.